பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம்: ஓய்வாகக் கழிக்க விரும்பும் ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

விடுமுறையின் கடைசி ஏழு நாட்களில் ஆசிரியர் பாதி வீட்டிலும் பாதி வகுப்பறையிலும் இருக்கிறார். வேலை இன்னும் தொடங்கியிருக்காது. ஆனாலும் நாட்காட்டியைப் பார்க்கும்போதெல்லாம் ஓய்வு முடிந்துவிட்டதாகவே மனத்தில் படும். இந்த வாரத்தைப் பற்றி உடன் பணிபுரிவோரும் பணிக்குப் புதிதாக வந்தவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே பல ஆண்டுகள் தடுமாறிய சிலவற்றையும் பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன். நான் கணித ஆசிரியர் என்பதால் எடுத்துக்காட்டுகள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். என் நிலைப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வாரத்தில் செய்தே தீர வேண்டிய வேலை மிகவும் குறைவு, அதைச் சில மணிநேரத்துக்குள் அடக்கிவிட்டு, மிச்சத்தை மனச்சான்று உறுத்தாமல் ஓய்வாகக் கழிக்க வேண்டும்.

கடைசி வாரத்தையும் ஓய்வாகவே கழிப்பது பொறுப்பற்ற செயல் ஆகாதா?

ஆகாது. ஆனால் இந்த ஐயம் பெரும்பாலும் நல்ல ஆசிரியர்களுக்கே எழுகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். யானா கியூனல், சபீன சொன்னென்டாக் என்னும் உளவியலாளர்கள் இருவர் ஜெர்மனியில் 131 ஆசிரியர்களை விடுமுறைக்கு முன்பும் பின்பும் தொடர்ந்து கவனித்து, தங்கள் முடிவுகளை 2011-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். விடுமுறை முடிந்து திரும்பியபோது ஆசிரியர்களின் ஈடுபாடு கூடியிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆனால் ஒரு மாதத்துக்குள் அந்த நன்மை கரைந்துவிட்டது. திரும்பியவுடன் வேலைச்சுமை மிகுதியாக இருந்தவர்களுக்கு அது விரைவாகக் கரைந்தது. பணிக்குத் திரும்பிய பின்னரும் ஓய்வு நேரத்தில் உடலையும் மனத்தையும் தளர விட்டவர்களுக்கு மெதுவாகக் கரைந்தது.

விடுமுறையில் சேர்ந்த தெம்பு ஆண்டு முழுவதற்கும் வராது என்றால், அது செலவாகத் தொடங்கும் நாளை நாமே ஒரு வாரம் முன்னதாக இழுத்துக்கொள்வதால் யாருக்கும் நன்மையில்லை. அதோடு, ஓய்வெடுப்பது பள்ளி திறந்த பிறகும் தொடர வேண்டிய பழக்கம் என்றால், கடைசி வாரத்திலேயே அதைக் கைவிடுகிறவர் முதல் மாதத்து நெருக்கடியில் மீண்டும் அதைக் கைக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பள்ளியைக் குறிக்கும் சொல், ஓய்வு என்று பொருள்படும் ‘ஸ்கோலே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய ‘பள்ளி’க்கும் படுக்கை, துயிலும் இடம் என்ற பொருள்கள் உண்டு, பள்ளியறை, பள்ளிகொள்ளுதல் என்ற சொற்களில் அது இன்றும் வாழ்கிறது. தொடர்பே இல்லாத இரு மொழிகளிலும் படிப்புக்கான இடம் ஓய்வின் பெயரைத் தாங்கி நிற்பதை, விடுமுறையில் பகல் தூக்கம் போடும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அப்படியென்றால் எவ்வளவு நேரத்தைத்தான் வேலைக்கு ஒதுக்குவது?

என் கணக்கு ஆறு மணிநேரம்: மூன்று நாட்கள், நாளொன்றுக்கு முற்பகலில் இரண்டு மணிநேரம். வாரத்தின் இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் நாட்களை இதற்கு வைத்துக்கொள்கிறேன். முதல் நாளில் தொடங்கினால் விடுமுறை ஒரு வாரம் முன்பே முடிந்ததாகிவிடும். கடைசி இரண்டு நாட்களில் வைத்துக்கொண்டால், வேலையைவிட வேலையைப் பற்றிய பதற்றமே அதிக நேரத்தை எடுத்துக்கொள்ளும். நான்காம் நாளை வெறுமையாக விடுவது, அதுவரை எழுதியதை ஆறவிட்டுப் பார்ப்பதற்காக.

நேரத்தை முதலில் வரையறுத்துவிட்டு அதற்குள் அடங்கும் வேலையைத் தேர்ந்தெடுப்பதே இதில் முக்கியம். ‘எல்லாம் முடிந்த பிறகு ஓய்வெடுப்பேன்’ என்று தொடங்குகிறவருக்கு ஓய்வு கிடைப்பதில்லை, ஏனென்றால் ஆசிரியப் பணியில் ‘எல்லாம் முடிந்தது’ என்று ஒரு கட்டமே இல்லை. போதாக்குறைக்கு, ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மனிதர்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இலேயே எடுத்துக்காட்டினார்கள். அரை மணிநேரத்தில் முடியும் என்று எடுத்த வினாத்தாள் மாலைவரை நம்மைப் பிடித்து வைத்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கடிகாரத்தில் இரண்டு மணிநேரம் கழிந்ததும், வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிட வேண்டும்.

சில பள்ளிகளில் இந்த வாரத்திலேயே கூட்டங்களுக்கும் பயிற்சிக்கும் வரச் சொல்வார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் இந்த ஆறு மணிநேரத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு தோழி கேட்டார். சேர்த்துக்கொள்ள முடியாது, ஆனால் கூட்டம் நடக்கும் நாளில் வீட்டுக்கு வந்து வேறு எதையும் தொட வேண்டாம்.

அந்த ஆறு மணிநேரத்தில் எதைச் செய்வது?

முதல் இரண்டு மணிநேரம், பள்ளி திறக்கும் முதல் நாளுக்கான ஆயத்தத்துக்கு மட்டுமே உரியது. முதல் நாளை நான் நிமிடக் கணக்கில் எழுதிவைக்கிறேன். மாணவர்கள் உள்ளே வரும்போது நான் வாசலில் நிற்பேனா, மேசையருகில் நிற்பேனா? அவர்கள் எங்கே உட்காருவார்கள், அதை யார் தீர்மானிப்பது? உட்கார்ந்த மறுகணம் அவர்கள் கையில் செய்வதற்கு என்ன இருக்கும்? தாமதமாக வருகிறவரை எப்படி உள்ளே அழைப்பது? என் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் என்ன? கடைசிக் கேள்வியை அற்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த முதல் வாக்கியம் எச்சரிக்கையாக அமைந்த ஆண்டுகளில், நான் கண்டிப்பானவன் என்று நிறுவுவதற்காகப் பேசிய அந்தப் பத்து நிமிடத்தைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. இப்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு புதிர்க்கணக்கை எழுதிவைத்துவிட்டு, வணக்கம் சொன்னதும் அதைப் பற்றியே பேசத் தொடங்குகிறேன். விதிமுறைகளை இரண்டாம் நாள் சொன்னாலும் அவற்றின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை.

முதல் நாளில் கேட்கப்போகும் இரண்டு மூன்று கேள்விகளையும் அப்போதே எழுதிவிடுவது நல்லது. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாதவர்கள் குறைந்தார்கள். புது முகங்களுக்கு முன்னால் அந்த மூன்று நொடி மௌனம் மிக நீளமாகத் தோன்றும். கேள்விக்கு அடுத்த வரியில் ‘காத்திரு’ என்று எழுதிவைப்பது என் வழக்கம்.

அடுத்த இரண்டு மணிநேரம் சில்லறை வேலைகளுக்கு: கால அட்டவணை, பெயர்ப்பட்டியல், நகலெடுக்க வேண்டிய தாள்கள், அலமாரிச் சாவி. கணினியிலும் வருகைப்பதிவுச் செயலியிலும் ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். விடுமுறையில் கடவுச்சொல் காலாவதியாகியிருப்பதை முதல் நாள் காலையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்டுபிடிப்பது நல்ல தொடக்கம் ஆகாது.

கடைசி இரண்டு மணிநேரத்தில் முதல் அலகைப் படிக்கலாம். மாணவராக என்னை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்கையும் தாளில் போட்டுப்பார்த்து, எங்கே கால் இடறும் என்று ஓரத்தில் குறித்துக்கொள்வேன். அதற்கு மேல் எழுதுவதில்லை.

ஒரு மாதத்துக்கான பாடக்குறிப்பை இப்போதே எழுதி வைத்துவிட்டால் பின்னால் சுமை குறையுமே?

குறையும் என்று நம்பி ஓர் ஆண்டு ஐந்து வாரத்துக்கான பாடக்குறிப்பை நானும் எழுதினேன். இயற்கணிதத்தில் தொடங்கி, படிப்படியாக, வண்ணப் பேனாவில் அழகாக எழுதப்பட்ட குறிப்பு அது. பள்ளி திறந்த மூன்றாம் நாள், வகுப்பில் பாதிப் பேருக்குக் குறை எண்களைக் கழிக்கும்போதே தடுமாற்றம் இருப்பது தெரிந்தது. அதைச் சரிசெய்யாமல் சமன்பாட்டுக்குள் நுழைய வழியில்லை. குறிப்பேட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் பின்னோக்கிப் போவதே செய்ய வேண்டியிருந்தது. ஆனால் எழுதிய உழைப்பை வீணாக்க மனமின்றி மேலும் நான்கு நாட்கள் அந்தக் குறிப்பின்படியே நடத்தினேன். என்னுடைய உழைப்புக்கு மாணவர்கள் விலை கொடுத்த நாட்கள் அவை.

யாருக்குச் சொல்லித்தரப் போகிறோம் என்று தெரியாமல் எழுதும் குறிப்பு, நோயாளியைப் பார்க்காமல் எழுதும் மருந்துச்சீட்டைப் போன்றது. ஆண்டின் மொத்த ஓட்டம், எந்த அலகு எந்த மாதம், தேர்வுகள் எப்போது என்பன ஒரே ஒரு தாளில் இருந்தால் போதும். நிர்வாகம் கேட்கிறது என்றால் கேட்ட அளவுக்குக் கொடுத்துவிடலாம். அதையே வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

விடுமுறையில் பாடமே மறந்துவிட்டதுபோல் இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் தன்னையே ஆய்வுக்கு உட்படுத்தி மறதியை அளந்தபோது, அவர் அளந்தது நினைவில் எஞ்சியதை மட்டுமன்று. மறந்ததை மீண்டும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதைத்தான் அளவுகோலாகக் கொண்டார். முற்றிலும் மறந்துவிட்டதாகத் தோன்றியவையும் இரண்டாம் முறை விரைவாகவே திரும்பி வந்தன. உங்களுக்கும் அப்படித்தான் வரும், மாணவர்களுக்கும் அப்படித்தான் வரும். முதல் வாரத்தில் அவர்கள் விழிப்பதைப் பார்த்து, முந்தைய வகுப்பு ஆசிரியர் எதையும் சொல்லித்தரவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

விடுமுறை முழுவதும் நள்ளிரவு தாண்டித் தூங்கிப் பழகிவிட்டேன். ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் முதல் நாளுக்கு முந்தைய இரவில் மட்டும் முயன்றால் முடியாது. மனித உடலின் உள்கடிகாரம் சரியாக 24 மணிநேரத்துக்கு ஓடுவதில்லை. சார்லஸ் சைஸ்லரும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வின்படி அதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணிநேரம் 11 நிமிடம். நாள்தோறும் சற்றுத் தாமதமாகப் போகும் சாய்வு உடலிலேயே இருப்பதால்தான், தாமதமாகத் தூங்கப் பழகுவது எளிதாகவும், முன்கூட்டித் தூங்கப் பழகுவது கடினமாகவும் இருக்கிறது. நள்ளிரவு ஒரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒன்பதரை மணிக்குப் படுத்தால், இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு கவலைப்படுவதற்குத்தான் அந்த நேரம் பயன்படும்.

படுக்கும் நேரத்தை வலிந்து மாற்றுவதைவிட எழும் நேரத்தை மாற்றுவது எளிது. நாளொன்றுக்கு அரை மணிநேரம் முன்னதாக எழுந்து, எழுந்தவுடன் வெளியே பகல் வெளிச்சத்தில் சிறிது நடந்தால், வெளிச்சம் கண் வழியாக மூளையிலுள்ள கடிகாரத்தைத் திருத்தத் தொடங்குகிறது. மாலையில் பிரகாசமான விளக்கும் கைபேசித் திரையும் அதே கடிகாரத்தை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகின்றன. இந்த முறையில் ஆறு நாட்களில் மூன்று மணிநேரத்தை மீட்டுவிடலாம். பகல் தூக்கத்தை நான் விடச் சொல்லமாட்டேன், முன்பே சொன்னேனே. இருபது நிமிடத்தோடு எழுந்துவிட்டால் இரவுத் தூக்கத்தை அது கெடுப்பதில்லை.

முதல் வாரத்திலேயே தொண்டை கட்டிவிடுகிறது. இதற்கு முன்கூட்டியே ஏதாவது செய்ய முடியுமா?

யாரும் பேசாத தலைப்பு இது, ஆனால் பேசியே ஆக வேண்டியது. நெல்சன் ராயும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடத்தி 2004-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கோளாற்றுக்கு ஆளானவர்கள் ஆசிரியர்களில் 57.7 விழுக்காடு, மற்றவர்களில் 28.8 விழுக்காடு என்று தெரியவந்தது. ஏறத்தாழ இரு மடங்கு. பேசும்போது ஆண்களின் குரல்நாண்கள் நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களுடையவை ஏறத்தாழ இருநூறு முறையும் அதிர்ந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு பாடவேளையிலேயே அந்த மோதல் லட்சக்கணக்கில் போய்விடும். வாரக்கணக்கில் வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேசிப் பழகியவர், ஒரே நாளில் ஐந்து பாடவேளைகள் உரக்கப் பேசுவது, பயிற்சியே இல்லாமல் நெடுந்தூரம் ஓடுவதைப் போன்றது.

ஆகவே கடைசி வாரத்தில் நாள்தோறும் பத்து நிமிடமாவது வாய்விட்டுப் படியுங்கள்; எதை வேண்டுமானாலும் படிக்கலாம். அதற்கு முன்னால் இதழ்களை மூடிக்கொண்டு மெல்ல முனகுவதும், ஒல்லியான உறிஞ்சுகுழல் வழியாக ஓசை எழுப்பி, அதைக் கீழிருந்து மேலாகவும் மேலிருந்து கீழாகவும் கொண்டுபோவதும் குரலுக்கு நல்ல முன்பயிற்சி. குழல் பயிற்சியைக் குரலியல் அறிஞர் இங்கோ டிட்சே நீண்டகாலமாக வலியுறுத்தி வந்திருக்கிறார். வாயின் முன்புறம் அப்படிக் குறுகும்போது பின்னோக்கி உருவாகும் அழுத்தம், குரல்நாண்கள் கடுமையாக மோதாமல் அதிர உதவுகிறது. வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடிப்பதும், தொண்டையைச் செருமும் பழக்கத்தை விடுவதும் இந்த வாரத்தில் தொடங்க ஏற்றவை.

இரைச்சலுக்கு நடுவே பேசும்போது நம்மையறியாமல் குரல் உயர்ந்துகொண்டே போவதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விளக்கினார். ஆசிரியர் உயர்த்த, வகுப்பு உயர்த்த, இருவரும் மாறி மாறி ஏறிக்கொண்டே போகிறோம். கைதட்டல், கை உயர்த்துதல், விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுதல் என்று குரல் தேவைப்படாத ஓர் அடையாளத்தை இப்போதே தேர்ந்தெடுத்துவிட்டால் முதல் நாளிலிருந்தே பழக்கலாம். குரல் கட்டி நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நாற்காலியில் ஓய்வாக உட்கார்ந்தாலும் மனம் பள்ளியையே சுற்றி வருகிறதே?

முடிக்காத வேலை மனத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது பழைய கருத்து. அதற்கு ஒரு வழி இருப்பதை ஈ. ஜே. மாசிகாம்போ, ராய் பௌமைஸ்டர் இருவரும் 2011-இல் காட்டினார்கள்: வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது, எங்கே, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதிவிட்டாலே அது பற்றிய இடையறாத நினைவுகள் அடங்கிவிடுகின்றன. ‘பெயர்ப்பட்டியல் பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் போதாது; ‘மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, சாப்பாட்டு மேசையில்’ என்று எழுத வேண்டும்.

படுக்கும் நேரத்துக்கும் இது பொருந்துகிறது. மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 57 இளைஞர்கள் தூங்குமுன் ஐந்து நிமிடம் எழுதினார்கள். இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். பட்டியல் விரிவாக இருந்தவர்களுக்குத் தூக்கம் இன்னும் விரைவாக வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் ஐந்து நிமிடமும் ஒரு பென்சிலும் மட்டுமே செலவு என்பதால் முயன்று பார்ப்பதில் இழப்பில்லை.

வகுப்பறைக்கே வழி தெரியாமல் அலைவதுபோல் கனவு வருகிறது.

எனக்கும் வருகிறது. என் கனவில் சுண்ணக்கட்டி எழுதாது. பணியில் நெடுங்காலம் இருந்தவர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் ஆயத்தம் போதவில்லை என்பதற்கு அது சான்றாகாது.

வகுப்பறைச் சுவர்களை அலங்கரிக்க இந்த வாரம்தானே வாய்ப்பு?

கொஞ்சம் பொறுங்கள். அன்னா ஃபிஷரும் அவருடைய சகாக்களும் 2014-இல் மழலையர் 24 பேரை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுவர் முழுதும் படங்கள் நிறைந்த அறையிலும் வெறும் சுவருள்ள அறையிலும் அதே குழந்தைகளுக்கு மாறி மாறிப் பாடம் நடத்தி, பின்னர் கேள்வி கேட்டபோது, வெறும் சுவருக்கு நடுவே கற்ற பாடங்களில் 55 விழுக்காடும், அலங்கார அறையில் கற்றவற்றில் 42 விழுக்காடும் சரியான விடைகள் கிடைத்தன. கண் அலைந்த அளவுக்குக் கவனமும் அலைந்தது. இதை எல்லா வயதினருக்கும் அப்படியே நீட்டிச் சொல்ல முடியாது; வெறும் சுவர்களுக்கு நடுவே ஓராண்டைக் கழிக்கவும் எந்தக் குழந்தையும் விரும்பாது. ஆனால் இரண்டு நாட்களைக் கத்தரிக்கோலோடு கழிப்பது கட்டாயம் இல்லை என்று மட்டும் இதைக் கொண்டு சொல்லலாம். சுவரை முதலில் காலியாக விட்டுவிட்டு, மாணவர்கள் செய்தவற்றால் வாரந்தோறும் நிரப்பினால், அது அவர்களுடைய சுவராகவும் ஆகும். கரும்பலகை இருக்கும் சுவரில் மட்டும் எதையும் ஒட்ட வேண்டாம்.

பெயர்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிடலாமா?

முகம் தெரியாமல் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வது பயனற்ற வேலை. பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, உச்சரிப்பில் ஐயமுள்ள பெயர்களை அடிக்கோடிட்டுக்கொண்டால் போதும். ஒரு குழந்தையின் பெயரை முதல் நாளே தவறாகக் கூப்பிடுவதைத் தவிர்க்கலாம். மற்றதை முதல் வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். தாமஸ் லாண்டவர், ராபர்ட் பியார்க் இருவரும் 1978-இல் பெயர்களை நினைவில் நிறுத்துவதைப் பற்றி ஆராய்ந்தபோது, தொடர்ந்து உருப்போடுவதைவிட இடைவெளி விட்டு நினைவுகூர்வதே நிலைத்து நின்றது. அதனால், ஒவ்வொரு பாடவேளையின் முடிவிலும் பட்டியலைப் பாராமல் பெயர்களைச் சொல்லிப்பார்த்து, தவறினால் மாணவர்களையே திருத்தச் சொல்வேன். ஆசிரியர் தடுமாறுவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு அலாதி மகிழ்ச்சி.

அவர்களைப் பற்றிப் போன ஆண்டு ஆசிரியரிடம் விசாரித்து வைக்கலாமா?

பார்வைக் குறை, கேட்புக் குறை, ஒவ்வாமை, அண்மையில் வீட்டில் நேர்ந்த இழப்பு போன்றவற்றைக் கட்டாயம் கேளுங்கள். ‘அவன் எப்படி?’ என்ற கேள்வியை மட்டும் இரண்டு வாரம் ஒத்திவையுங்கள். ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேகப்சன் இருவரும் 1968-இல், வெறுமனே குலுக்கல் முறையில் எடுத்த சில மாணவர்களை விரைவில் மலரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லி, அந்த எதிர்பார்ப்பே இளைய வகுப்பு மாணவர்களின் மதிப்பெண்ணை உயர்த்தியதாக அறிவித்தார்கள். அந்த ஆய்வின் அளவீட்டு முறையைப் பலர் குறை கூறியிருக்கிறார்கள், பிற்கால ஆய்வுகள் விளைவு சிறியது என்றே சொல்கின்றன. ஆனாலும் காதில் விழுந்த ஒரு வாக்கியத்துக்கு ஏற்ப நம் பார்வை சாய்வதை என்னிடமே கண்டிருக்கிறேன். வம்புக்காரன் என்று சொல்லி என்னிடம் ஒப்படைக்கப்பட்ட மாணவன் ஒருவன், முதல் வாரத்தில் பென்சிலைக் கீழே போட்டதைக்கூட நான் வம்பாகவே பார்த்தேன்.

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன.

ஒலியை அடக்கிவிட்டு, நாளுக்கு ஒருமுறை மாலையில் பாருங்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் தொலைபேசியில் அழைப்பார்கள்.

தள்ளிப்போட்ட வீட்டு வேலைகளை முடிப்பதும் ஓய்வில் சேருமா?

ஓரளவுதான் சேரும். வேலைக்குப் பின் மனிதர் மீள்வதற்கு உதவும் அனுபவங்களை சொன்னென்டாக்கும் ஷார்லட் ஃபிரிட்ஸும் 2007-இல் நான்காகப் பிரித்தார்கள்: வேலையிலிருந்து மனம் விலகுதல், தளர்தல், புதிதாக ஒன்றில் கைதேர்தல், தன் நேரத்தைத் தானே ஆளுதல். பரண் சுத்தம் செய்வதில் மனம் வேலையிலிருந்து விலகலாம். மற்ற மூன்றும் கிடைப்பது ஐயமே. ஆண்டு முழுவதும் மணியடித்து நம்மை எழுப்பி உட்காரவைக்கும் தொழிலில், நான்காவது அனுபவம்தான் அரிதிலும் அரிது. அதனால் இந்த வாரத்தில் இரண்டு நாட்களையாவது எந்தத் திட்டமும் இல்லாமல், கடிகாரம் பார்க்காமல், தோன்றியதைத் தோன்றிய நேரத்தில் செய்து கழியுங்கள்.

மூன்றாவதையும் விட்டுவிடாதீர்கள். நீந்தவோ வரையவோ ஓர் இசைக்கருவியை மீட்டவோ கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர் மறுபடியும் மாணவராகிறார். போன விடுமுறையில் தையல் கற்கப் போய், ஊசியில் நூல் கோக்கவே தடுமாறியபோது, சொல்லித்தந்தவர் பொறுமையிழந்து என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, தானே கோத்துத் தந்தார். மாணவர் கையிலிருந்து பேனாவை வாங்கி நானே விடையை எழுதிக்காட்டும் வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

புதிதாகப் பணியில் சேர்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்கு ஆறு மணிநேரம் போதாது. பன்னிரண்டு வரை வைத்துக்கொள்ளலாம். கூடுதல் நேரத்தைப் பாடக்குறிப்பில் செலவிடாமல் இடத்தைப் பழகுவதில் செலவிடுங்கள். அனுமதி பெற்று ஒருமுறை பள்ளிக்குப் போய், உங்கள் வகுப்பறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையைப் பாருங்கள். எங்கே வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது, நீங்கள் எழுதும் எழுத்து எந்த அளவில் இருந்தால் அங்கிருந்து தெரியும் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் புலப்படும். நகலெடுக்கும் கருவி எங்கே, யாரிடம் எதைக் கேட்பது, கழிவறை எங்கே என்பவற்றையும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். முதல் வாரத்துக்கான பாடங்களை மூத்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, எதை நீக்கலாம் என்று கேளுங்கள். எதைச் சேர்க்கலாம் என்று கேட்டால் அவரும் சேர்த்துக்கொண்டே போவார்.

கடைசி நாளில் என்ன செய்வது?

நண்பகலுக்குள் பையை எடுத்து வைத்துவிடுங்கள்: பெயர்ப்பட்டியல், முதல் நாளுக்காக எழுதிய தாள், பேனாக்கள், தண்ணீர்ப் புட்டி. மறுநாள் உடுத்தப்போவதை எடுத்து மாட்டுங்கள். புதிய காலணி வாங்கியிருந்தால் அதை இந்த வாரத்திலேயே வீட்டில் போட்டு நடந்து பழகியிருக்க வேண்டும். நாள் முழுதும் நிற்கப்போகிற கால்களுக்கு முதல் நாளிலேயே கடி வேண்டாம்.

பிற்பகலில் யாரையாவது பார்க்கப் போங்கள், ஆசிரியராக இல்லாத ஒருவராக இருந்தால் நல்லது. இரவில் ஏதோ விட்டுப்போனதுபோல் தோன்றும், எனக்கு ஆண்டுதோறும் தோன்றுகிறது. அதைப் படுக்கையருகே உள்ள தாளில் எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள்; பையை மறுபடி திறக்க வேண்டாம்.